முதுகில் தங்க எழுத்து

"நம்மட கம்பஸ்ல என்னத்த ஆராய்ச்சி, எல்லாம் கொப்பி பேஸ்ட்" என்று கொழும்புப் பல்கலைக்கழகத்தைப் பற்றி நேற்று ஒருவர் இங்கே எழுதியிருந்தார். நானூறு பேருக்கு மேல் சிரித்திருந்தார்கள். சிரித்தவர்களின் பெயரை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன் (வேலை இல்லாத நேரம், வேறென்ன). அதில் நாலைந்து பேர் என் கடையில் ஆய்வேடு கட்டிக்கொண்டு போனவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், கம்பஸுக்குப் பக்கத்தில், தும்முல்ல சந்திக்குக் கிட்ட எனக்கு ஒரு சின்னக் கடை இருக்கிறது. போட்டோகொப்பி, டைப்செட்டிங், பைண்டிங். பதினாறு வருஷம். நான் கம்பஸ் வாசலைக் கடந்து படித்தவன் இல்லை, ஏ.எல். உடன் சரி. ஆனால் அந்த வாசலிலிருந்து வெளியே வரும் ஆய்வேடுகளில் கணிசமானவற்றை என் கையால் தைத்திருக்கிறேன். தாளைத் தட்டி ஒழுங்காக்கி, நூலால் தைத்து, கோந்து பூசி, பாரம் வைத்து ஒரு இரவு காயவிட்டு, மறுநாள் அட்டையும் ரெக்சினும் ஒட்டினால் பிறகு கடைசி வேலை முதுகில் தங்க எழுத்து. பித்தளை எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பிடியில் கோத்து, வலமிருந்து இடமாகப் படித்துச் சரிபார்த்து, சூடாக்கி அழுத்த வேண்டும். ஒரு தடவை "தோட்டம்" என்பதைத் "தொட்டம்" என்று அடித்துவிட்டேன், நாலு பிரதியும் போச்சு. அந்தப் பிள்ளை அழவே தொடங்கிவிட்டாள், சமர்ப்பிக்க வேண்டிய நாள் மறுநாள். விடிய விடிய இருந்து புதிதாகக் கட்டிக் கொடுத்தேன். அன்றையிலிருந்து தலைப்பை எழுத்தெழுத்தாகப் படிக்காமல் நான் எதையும் கட்டுவதில்லை. அப்படிப் படித்துப் படித்துத்தான் அங்கே என்னென்ன நடக்கிறது என்று எனக்குத் தெரிய வந்தது.

ஒரே வாரத்தில் மேசையில் கிடந்தவற்றைச் சொல்கிறேனே. 1707இல் ஒல்லாந்தர் தொகுத்து வைத்த, யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கச் சட்டமான தேசவழமை இன்றைக்கும் யாழ்ப்பாணத்துக் காணி விற்பனையில் எப்படிக் குறுக்கே நிற்கிறது என்று ஒன்று. களப்பு இறாலைப் பற்றி ஒன்று. மலையகத் தோட்டத்து லயன் வீட்டுப் பெண்களின் இரத்தச்சோகை. கைத்தொலைபேசிச் செயலியில் சிங்களக் கையெழுத்தை அடையாளம் காண்பது. வடமத்திய மாகாணத்துச் சிறுநீரக நோய், அதுவும் தண்ணீரா உரமா வெக்கையா என்று விஞ்ஞானிகளே இன்னும் பிடுங்குப்படும் விஷயம். பக்கத்திலேயே, சொன்னால் சிரிப்பீர்கள், எவரும் பார்க்க முடியாத ஏதோ ஒரு துகளைப் பற்றி நூற்றைம்பது பக்கம் கணக்கு. அந்தக் கணக்கில் எனக்கு ஒரு வரி விளங்கவில்லை. சமன்பாடு பக்கத்தின் ஓரத்தில் வெட்டுப்படாமல் பார்த்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

இந்தப் பரப்பு புதிதும் இல்லை. 1870இல் மருத்துவப் பள்ளியாகத் தொடங்கி, 1921இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகி, 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகமாகி, 1978 சட்டத்துக்குப் பிறகுதான் கொழும்புப் பல்கலைக்கழகம் என்ற தனிப் பெயரில் நிற்கிற இடம் அது. விபுலானந்த அடிகள் 1943இல் அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக வந்தார். சுவாமி என்றால் தேவாரம் திருவாசகம் என்றுதான் பலர் நினைக்கிறோம். மனிதர் லண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி, பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பித்தவர். 1947இல் வந்த யாழ் நூலைப் பிரித்துப் பாருங்கள். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையை ஒரு கையிலும் சுரங்களின் அலைவெண் கணக்கை மறு கையிலும் வைத்துக்கொண்டு, யாரும் கண்ணால் காணாத யாழ் என்ற வாத்தியத்தைத் திரும்பக் கட்டிப் பார்க்கிறார். இன்றைக்கு அதை எந்தப் பீடத்தில் கொடுப்பார்? கலைப்பீடம் கணக்கைக் கண்டு பயப்படும், விஞ்ஞான பீடம் இளங்கோவடிகளைக் கண்டு பயப்படும். நூல் வந்த அதே வருஷம் ஜூலையில் அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கணிதப் பேராசிரியர் எலியேசரையும் இங்கே சொல்லவேண்டும். கேம்பிரிட்ஜில் பௌதிக விஞ்ஞானி டிராக்கிடம் படித்துவிட்டு வந்து கொழும்பில் கற்பித்தவர். இலத்திரன் எப்படி நகரும் என்று அவர் 1940களில் போட்ட கணக்கு இன்றும் அவர் பெயரிலேயே நிற்கிறது. அதால் அன்றைக்கு ஒரு கிலோ அரிசி விலை குறைந்ததா என்று கேட்டால் இல்லை. கேட்கவும் கூடாது.

பயன்தான் வேண்டும் என்பவர்களுக்கு மலேரியா இருக்கிறது. எங்கள் அப்பா வவுனியாவில் வேலை செய்த காலத்தில் மூன்று தரம் மலேரியா வந்து குளோரோகுயின் கசப்பைப் பற்றிச் சாகும்வரை பேசிக்கொண்டிருந்தார். இதே பல்கலைக்கழகத்தின் கின்சி வீதி மருத்துவ பீடத்தில் பேராசிரியர் கமினி மென்டிஸும் கூட இருந்தவர்களும் நோயாளியின் இரத்தத்திலே உண்டாகும் எதிர்ப்பு, நுளம்பின் வயிற்றுக்குள் போயும் கிருமியைத் தடுக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த காலமும் கிட்டத்தட்ட அதுதான். தடுக்கிறது, சில வேளை மாறாக உதவியும் செய்துவிடுகிறது என்று கண்டார்கள். உள்நாட்டில் தொற்றிய கடைசி நோயாளி 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் மலேரியா இல்லாத நாடு என்று சான்றிதழ் தந்தது. வீடு வீடாக மருந்தடித்தவர்களும் இரத்தம் குத்திப் பார்த்தவர்களும்தான் ஒழித்தார்கள், அதில் சந்தேகமில்லை. ஆனால் நுளம்பையும் கிருமியையும் பற்றி இந்த ஊரிலேயே விளங்கிக்கொண்ட ஆட்கள் இருந்தார்கள் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்கவேண்டும்.

சரி, கொப்பி பேஸ்ட் இல்லையா? இருக்கிறது. என்னைவிட அது யாருக்குத் தெரியும். ஒரே முன்னுரைப் பந்தியை மூன்று வேறு ஆய்வேடுகளில் டைப் செய்து கொடுத்திருக்கிறேன், எழுத்துப் பிழையும் அதே இடத்தில். "மாதிரி: 100 பேர்" என்று போட்டிருக்கும், வினாக்கொத்தை நிரப்பிய பேனா மட்டும் ஒரே பேனாவாக இருக்கும். பதவியுயர்வுக்குப் புள்ளி சேர்க்கவென்று எழுதப்படும் கட்டுரைகளின் வாசனை எனக்கு முதல் பக்கத்திலேயே வந்துவிடும். அதற்காக எல்லாவற்றையும் ஒரே கூடையில் போடுவதா? ஆராய்ச்சிக்கென்று நாடு செலவழிப்பது மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.2 சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை. 2022இல் மேல் மாகாணத்தில் பாடசாலைப் பரீட்சையையே தாள் இல்லாமல் ஒத்திவைத்தார்களே, அந்த மாதங்களில் மின்வெட்டுக்கு நடுவே மெழுகுதிரியோடு வந்து, சேமித்து வைத்த ஏ-4 தாளைத் தாங்களே கொண்டுவந்து கொடுத்து, "அண்ணா, எப்படியாவது" என்று நின்ற பிள்ளைகளை நான் மறக்கமாட்டேன்.

என் கோபம் வேறு இடத்தில். ஆராய்ச்சி நடக்கிறது, அதை நாங்கள் பார்க்க வழி இல்லை. நாலு பிரதி கட்டுகிறேன், ஒன்று நூலகத்துக்கு, ஒன்று துறைக்கு, ஒன்று மேற்பார்வையாளருக்கு, ஒன்று அம்மா அப்பா பார்க்க ஷோகேசில். முடிந்தது கதை.

தமிழில் எழுதப்படுவது இன்னும் மோசம். நம் ஆட்கள் இன்றும் பாமினி எழுத்துருவில்தான் அடிக்கிறார்கள், நானும் பல வருஷம் அதில்தான் அடித்தேன், பழி எனக்கும் உண்டு. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் திரையில் தமிழ் தெரியும், கணினிக்கு உள்ளே அது ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி. கோப்பை இணையத்தில் ஏற்றினாலும் கூகுளுக்கு அது தமிழே இல்லை. லயன் வீட்டைப் பற்றி இருநூறு பக்கம் எழுதிய பிள்ளையின் உழைப்பை "மலையகம்" என்று தேடினால் கிடைக்காது. ஜேகேபிஓ என்று தேடவா முடியும்?

அம்மாவின் கதையையும் சொல்லிவிடுகிறேன். ஐந்தாறு வருஷத்துக்கு முன் கொட்டாஞ்சேனை வீட்டுக்கு இரண்டு பிள்ளைகள் வந்தார்கள், சீனி வருத்தம் (நீரிழிவு) பற்றிய ஆய்வு. எங்கே படிக்கிறவர்கள் என்பது இப்போது வேண்டாம். பதினொரு பக்க வினாக்கொத்து. அம்மா வெறும் வயிற்றோடு இருந்து இரத்தம் கொடுத்தார், தேத்தண்ணியும் ஊற்றிக் கொடுத்தார். "முடிவைச் சொல்லுவம் அம்மா" என்றார்கள், வரவேயில்லை. "அந்தப் பிள்ளைகள் பாஸ் பண்ணிட்டுதுகளோ?" என்று அம்மா இடைக்கிடை கேட்பார். தன் சீனியைப் பற்றி அவர் கேட்டதேயில்லை. இப்போதும் சமுதாய மருத்துவ ஆய்வேடு எதுவும் கைக்கு வந்தால் முதலில் பின்னிணைப்பைப் புரட்டுவேன், கொட்டாஞ்சேனை இருக்கிறதா என்று.

ஒரு பக்கம் போதும். கண்டது இது, உங்களுக்கு இதில் இவ்வளவு என்று தமிழிலும் சிங்களத்திலும் ஒரு பக்கம் எழுதி, அந்த வீதியில் நாலு வீட்டுக்குக் கொடுத்தால் குடியா முழுகிவிடும்? போட்டோகொப்பிக் காசை நான் போடுகிறேன் என்றுகூட ஒரு விரிவுரையாளரிடம் சொன்னேன். நல்ல யோசனை என்றார். ஐந்து பிரதிக்குப் பதிலாக நாலு போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இதை வாசிக்கிறவர்களில் யாரிடமாவது பாமினியில் கட்டின ஆய்வேட்டின் கோப்பு கிடந்தால் பென்டிரைவில் கொண்டு வாருங்கள். கூகுளுக்கு விளங்கும் யுனிகோடாக மாற்றித் தருகிறேன், காசு வேண்டாம். கொம்பும் காலும் சில இடத்தில் குழம்பும், அதை நீங்கள்தான் இருந்து திருத்தவேண்டும். இந்த மாதம் மட்டும் வந்துவிடாதீர்கள், சமர்ப்பிக்கிற காலம், கடைக்குள் நிற்க இடமில்லை.