டுவோமோ என்கிற பேராலயம் வேறு, டோம் என்கிற குவிமாடம் வேறு. டிக்கெட் விற்கிறவர்கள் இதை முன்னாடியே சொன்னால் என்ன?

ஃப்ளாரன்ஸ் போய்விட்டு வந்து மூன்று வாரம் ஆகிறது, இன்னும் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. இத்தாலி போகிறோம் என்று யார் சொன்னாலும் "எந்தச் சைட்டில் டிக்கெட் எடுத்தீங்க?" என்றுதான் முதலில் கேட்கிறேன்.

அப்பா சிவில் இன்ஜினியர், முப்பது வருஷத்துக்கு மேல் கட்டடம் கட்டியவர். கல்லூரியில் படித்த காலத்திலிருந்தே அவருக்கு ஃப்ளாரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்குள் ஒரு முறை ஏறிப் பார்க்க வேண்டும் என்று ஆசை. 1296-இல் ஆரம்பித்த பேராலயம் அது, நடுவில் ஏறக்குறைய 45 மீட்டர் அகலத்துக்கு வாயைத் திறந்துகொண்டு பல வருஷம் நின்றது, அதை எப்படி மூடுவதென்று யாருக்கும் தெரியவில்லை. ப்ருனெல்லெஸ்கி என்ற கட்டடக் கலைஞர் 1420-இல் வேலையைத் தொடங்கி 1436-இல் முடித்தார். "தரையிலேர்ந்து சென்ட்ரிங் போடாம கட்டினான்மா" என்று அப்பா எத்தனை முறை சொல்லியிருப்பார் தெரியுமா! செங்கல்லை மீன்முள் மாதிரி சாய்த்து அடுக்கி, ஒவ்வொரு வரிசையும் காய்கிறவரை தன்னைத் தானே தாங்கிக்கொள்கிற மாதிரி செய்தார்களாம். குவிமாடத்துக்கு முட்டை ஓடு மாதிரி உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்று இரண்டு ஓடு. மேலே ஏறுகிற படிக்கட்டு அந்த இரண்டு ஓட்டுக்கும் நடுவில்தான் போகிறது, செங்கல்லைக் கையால் தொட்டுக்கொண்டே ஏறலாம். 463 படி, லிஃப்ட் கிடையாது. அதற்காக அப்பா இரண்டு மாதம் தினமும் மாடிப்படி ஏறி இறங்கிப் பழகினார்.

டிக்கெட் வாங்கியது நான். இணையத்தில் தேடினால் முதலில் வந்து நிற்பதெல்லாம் மறுவிற்பனை செய்கிற சைட்டுகள். ஒன்றில் "டுவோமோ காம்ப்ளெக்ஸ், முழு அனுபவம், வரிசையில் நிற்க வேண்டாம்" என்று போட்டிருந்தார்கள். மேலே பெரிதாகப் படம், எந்தப் படம்? குவிமாடத்தின் படம்! சிவப்பு ஓடு, வெள்ளை விலா எலும்பு மாதிரி வளைவுகள், எல்லாம் பளிச்சென்று. கீழே பச்சை டிக் போட்டு வரிசையாக: பேராலயம், மணிக்கூண்டு, திருமுழுக்கு (ஞானஸ்நான) மண்டபம், அருங்காட்சியகம். ஒரு ஆளுக்கு 52 யூரோ. அப்பா, அம்மா, நான், மூன்று பேருக்கு 156 யூரோ கட்டினேன்.

டுவோமோ என்றால் டோம் என்றுதான் நான் நினைத்தேன், யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். காதுக்கு அப்படித்தானே கேட்கிறது? ஆனால் இத்தாலியில் டுவோமோ என்றால் பேராலயம். வீடு என்று அர்த்தமுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மிலானிலும் ஒரு டுவோமோ இருக்கிறது, சியெனாவிலும் இருக்கிறது. குவிமாடத்துக்கு அவர்கள் சொல்கிற சொல் 'கூபோலா'. அந்தப் பக்கத்தின் அடியில், ஏழெட்டு முறை தள்ளிக்கொண்டே போனால், பொடி எழுத்தில் "கூபோலா இதில் அடங்காது" என்று ஒரு வரி இருந்திருக்கிறது. விளம்பரம் முழுக்க நமக்குப் புரிகிற மொழியில் எழுதத் தெரிந்தவர்களுக்கு அந்த ஒரு வரியில் மட்டும் ஏன் இத்தாலியச் சொல் தேவைப்பட்டது? டோம் ஏற முடியாது என்று நாலு வார்த்தை எழுதினால் யாரும் வாங்க மாட்டார்கள், அதனால்தான். இதைத் தவறுதல் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

சரி, உண்மையான நிலவரம் என்ன தெரியுமா? பேராலயத்தின் சொந்தத் தளத்தில் மூன்றே மூன்று பாஸ்தான். நாங்கள் போனபோது ப்ருனெல்லெஸ்கி பாஸ் 30 யூரோ, அதில்தான் குவிமாடம் ஏறலாம், மற்ற எல்லாமும் உண்டு. ஜொத்தோ பாஸ் 20 யூரோ, மணிக்கூண்டு உண்டு, குவிமாடம் கிடையாது. கிபெர்த்தி பாஸ் 15 யூரோ, படியே ஏற வேண்டாம் என்பவர்களுக்கு, திருமுழுக்கு மண்டபமும் அருங்காட்சியகமும் பேராலயத்துக்கு அடியில் இருக்கிற பழைய தேவாலயத்தின் இடிபாடுகளும் அதில் பார்க்கலாம். முழங்கால் வலியோடு இருக்கிற அம்மாவுக்கு அந்த 15 யூரோ போதும், அப்பாவுக்கும் எனக்கும் 30. ஆக மொத்தம் 75 யூரோவில் எல்லாருக்கும் சரியாக முடிந்திருக்கும். என் தலையில் கட்டியது 20 யூரோ ஜொத்தோ பாஸும், போனில் கேட்கிற ஒரு ஆடியோவும்! மணிக்கூண்டு ஏறவே முடியாத அம்மாவுக்கும் சேர்த்து.

பச்சை டிக் போட்டு முதலில் எழுதியிருந்தார்களே பேராலயம், அதற்குள் போக யாருக்கும் கட்டணமே கிடையாது. இலவசம்! அந்த இலவசத்தையும் விலைப் பட்டியலில் சேர்த்து விற்கிறார்கள். வரிசையில் நிற்க வேண்டாம் என்றதும் சுத்தப் பொய், பேராலய வரிசையில் பாஸ் வைத்திருப்பவரும் வைக்காதவரும் ஒன்றாகத்தான் நிற்க வேண்டும். ஒரு மணி நேரத்துக்கு மேல் வெயிலில் நின்றோம், அம்மா பாதியில் நடைபாதை விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார்.

குவிமாடத்துக்கு ஏறுகிற வாசல் பேராலயத்தின் வடக்குப் பக்கம். அப்பா அன்று புது ஷூ போட்டுக்கொண்டு, தண்ணீர் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு எனக்கு முன்னால் நின்றார். வாசலில் இருந்த பெண் போனை வாங்கி ஸ்கேன் செய்தார், சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடியும் செய்தார், மறுபடியும் சிவப்பு. பிறகு மேலே கையைக் காட்டி "கூபோலா, நோ" என்று மெதுவாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை, பாவம், ஒரு நாளைக்கு என்னை மாதிரி எத்தனை பேரிடம் இதையே சொல்கிறாரோ. உடனே புது டிக்கெட் எடுக்கலாம் என்று பார்த்தால் நாங்கள் ஊரில் இருக்கிற இரண்டு நாளும் காலியே இல்லை. குவிமாடத்துக்கு நாளும் நேரமும் குறித்துத்தான் ஏற்றுவார்கள், அது முன்னாடியே நிரம்பிவிடும்.

அப்பா "விடும்மா, பரவாயில்லை" என்றார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அப்புறம் மணிக்கூண்டு ஏறினோம், 414 படி. அதன் உச்சியில் சுற்றிலும் கம்பி வலை போட்டிருக்கிறார்கள். எதிரே, கைக்கெட்டுகிற தூரம் மாதிரி, குவிமாடம். அதன் உச்சியில் ஆட்கள் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அப்பா வலைக்குள் விரலைக் கோத்துக்கொண்டு அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார், ஒரு வார்த்தை பேசவில்லை. நான் கூப்பிட்டும் திரும்பவில்லை.

அருங்காட்சியகம் இல்லையென்றால் அந்தப் பயணமே பாழ். மிக்கேலாஞ்சலோ தன் கடைசிக் காலத்தில் செதுக்கிய பியெத்தா, அதாவது இறந்த இயேசுவைத் தாங்கிப் பிடித்திருக்கிற சிற்பம், அங்கே இருக்கிறது, கிபெர்த்தி என்ற சிற்பி செய்த தங்க முலாம் பூசிய கதவுகளின் அசலும் அங்கேதான், வெளியே திருமுழுக்கு மண்டபத்தில் மாட்டியிருப்பது நகல். இது மூன்று பாஸிலுமே உண்டு, தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். திருமுழுக்கு மண்டபத்தின் உள்கூரை மொசைக்குக்கு 2023-இல் சீரமைப்புப் பணி ஆரம்பித்தார்கள், நாங்கள் போனபோதும் சாரம் நின்றது. விற்ற சைட்டின் படத்தில் சாரமே இல்லை, தங்கக் கூரை ஜொலித்தது.

பணத்தைத் திருப்பிக் கேட்டு மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றுக்கும் ஒரே பதில், நிபந்தனைகளில் குறிப்பிட்டிருக்கிறோம் என்று. அந்தப் பொடி எழுத்து வரியை நகல் எடுத்து ஒட்டி அனுப்பியிருந்தார்கள், இந்த முறை பெரிய எழுத்தில்.

போகிறவர்கள் பாஸின் பெயரில் ப்ருனெல்லெஸ்கி என்று இருக்கிறதா, கூபோலா என்ற சொல்லுக்குப் பக்கத்தில் நேரம் குறித்திருக்கிறதா என்று பணம் கட்டுவதற்கு முன்னால் பாருங்கள், பேராலயத்தின் சொந்தத் தளத்திலேயே வாங்குங்கள். வீட்டில் எல்லாருக்கும் ஒரே பாஸ் எடுக்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. மிலானிலும் கூரைக்குப் படியில் போக ஒரு டிக்கெட், லிஃப்டில் போக வேறு டிக்கெட், அங்கேயும் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கிவிடாதீர்கள்.

மறுபடியும் போகலாம்பா என்று அப்பாவிடம் சொன்னேன். "அறுபத்தெட்டு ஆகப்போகுதும்மா" என்றார். இன்று காலை அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். அதே குவிமாடப் படம், அதே பச்சை டிக், அதே 52 யூரோ.