சுவிட்சர்லாந்தில் இருப்பது கறுப்புப் பணம் அல்ல, கஜா மனுக்கள்

ஞாயிற்றுக்கிழமை மன்னார்குடி மண்டபத்தில் நடந்தது வந்திருந்தவர்களுக்குத் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் போய்ச் சேர்ந்திருக்கும். என் பழைய மின்னஞ்சல்களை ஜிமெயிலில் இருந்து சுவிட்சர்லாந்தில் இருக்கும் புரோட்டான் மெயிலுக்கு மாற்றியதுதான் அங்கே கேலிக்கு ஆளானது. "நம் தங்கச்சி பழைய கடிதங்களை எல்லாம் சுவிட்சர்லாந்தில் பதுக்கிவிட்டது, இனி வருமான வரித்துறைதான் வர வேண்டும்" என்று மைக்கில் சொன்னவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுகிறேன். இனியும் அப்படித்தான் கூப்பிடுவேன். மண்டபமே சிரித்தது. சிரித்தவர்களில் பலருடைய ஆதார் நகல் என் மின்னஞ்சலில் இருக்கிறது. அந்த நகல்களுக்காகத்தான் வேறு இடம் தேடினேன் என்று எழுந்து சொல்ல அப்போது வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

என்னிடம் மறைக்க ஒன்றும் இல்லை. ஆனால் என் மின்னஞ்சலில் இருப்பது என்னுடையது மட்டும் அல்ல. இந்த ஒரு விஷயம் புரிந்துவிட்டால் மீதியைப் படிக்கவே வேண்டாம்.

2018 நவம்பர் 16 விடியற்காலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில் கஜா புயல் கரையைக் கடந்தது. முத்துப்பேட்டைப் பக்கம் தோப்புகள் படுத்துக் கிடந்ததை நான் விவரிக்கத் தேவையில்லை, நீங்களும் பார்த்தவர்கள்தான். மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. மனு எழுதத் தெரிந்தவள் என்பதால் எங்கள் திண்ணையில் கூட்டம். நனைந்து ஒட்டிக்கொண்ட பட்டாவை ஊக்கால் நெம்பிப் பிரித்து, பாஸ்புக்கோடு சேர்த்து முறத்தில் பரப்பிக் காயவைத்து, ஒவ்வொன்றையும் செல்போனில் படம் எடுத்தேன். தாள் மக்கினாலும் படம் இருக்கட்டும் என்று எனக்கு நானே மின்னஞ்சலில் அனுப்பி வைத்தேன். விழுந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாய், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அரசு அறிவித்திருந்தது. அந்த 1,100 ரூபாய்க்காகச் சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிக் கணக்கு எண் எல்லாம் கொண்டுவந்தார்கள். பட்டா செத்துப்போன மாமனார் பெயரில் இருந்தால் இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் கூட வந்தன.

பக்கத்துத் தெரு அப்பாயி ஒருவர் பாஸ்புக்கைக் கொடுத்துவிட்டு என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "பாப்பா, இதில் எவ்வளவு இருக்கிறது என்று என் மகனுக்கு மட்டும் தெரியக் கூடாது." மகன் கெட்டவன் இல்லை. குடிப்பவன், அவ்வளவுதான். வெற்றிலைக் கொடிக்காலில் கூலி வேலை செய்து சேர்த்த பணம் அது. இப்போது மண்டபத்தில் சிரித்தவர்களைக் கேட்கிறேன். அப்பாயி மறைத்தது குற்றமா? அவர் வருமான வரித்துறைக்குப் பயந்தா என் கையைப் பிடித்தார்? அந்தப் பாஸ்புக்கின் படம் ஏழெட்டு ஆண்டுகளாக என் பழைய மின்னஞ்சலில் கிடந்தது. அதைப் பற்றி யோசிக்க எனக்கு உரிமை இல்லையா?

2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் ஒரு ஜிபி இடத்தோடு வந்தது. ஹாட்மெயில் 2 எம்பி கொடுத்துக்கொண்டிருந்த காலம் அது. எதையும் அழிக்க வேண்டாம், எல்லாம் கிடக்கட்டும் என்கிற பழக்கம் நம் எல்லோருக்கும் அப்படித்தான் வந்தது. அந்த இலவசத்துக்கு ஒரு விலை இருந்தது. கடிதத்தில் இருக்கும் சொற்களை இயந்திரம் படித்து, அதற்கேற்ற விளம்பரத்தை ஓரத்தில் காட்டியது. விளம்பரத்துக்காகப் படிப்பதை இனி நிறுத்துகிறோம் என்று கூகுள் அறிவித்தது 2017 ஜூனில். அதுதான் நிறுத்திவிட்டார்களே என்பீர்கள். நிறுத்தியது நல்லது. ஆனாலும் கடிதத்தைத் திறக்கும் சாவி நிறுவனத்திடமே இருக்கிறது. அங்கே உட்கார்ந்து யாரோ படிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. படிக்க முடியும் என்கிறேன். அப்பாயி என்னிடம் கேட்டது "யாரும் படிக்க மாட்டார்கள்" என்ற நம்பிக்கையை அல்ல. யாருக்கும் தெரியக் கூடாது என்றுதான் கேட்டார்.

நான் போன இடம் புரோட்டான் மெயில். ஐரோப்பாவின் செர்ன் ஆய்வுக்கூடத்தில் பழகிய விஞ்ஞானிகள் 2014இல் தொடங்கியது. ஜெனீவாவில் இருக்கிறது. அங்கே போய்ச் சேரும் கடிதம் குறியாக்கம் செய்துதான், அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டித்தான், சேமிக்கப்படுகிறது. நிறுவனமே நினைத்தாலும் உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது, சாவி என் கடவுச்சொல்லோடு கட்டியிருக்கிறது. சுவிஸ் வங்கிக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. நாட்டின் பெயரைக் கேட்டவுடன் கறுப்புப் பணம் நினைவுக்கு வருவதற்கு நான் பொறுப்பாளி அல்ல.

இடம் மாற்றுவது பெரிய வித்தையும் அல்ல. பழைய கணக்கை இணைத்து அனுமதி கொடுத்தால் கடிதங்களைத் தானே இழுத்துக்கொள்கிறது. பின்னால் ஓடவிட்டு நம் வேலையைப் பார்க்கலாம். ஆனால் பலருக்குத் தெரியாத ஒன்று: போவது நகல்தான். மூலம் பழைய இடத்திலேயே இருக்கும். வந்து சேர்ந்ததைச் சரிபார்த்து, பழையதை நாமே அழித்து, குப்பைக் கூடையையும் காலி செய்தால்தான் வேலை முடியும். இன்னொன்று, கடவுச்சொல் மறந்தால் கணக்கை மீட்க அங்கே தரும் சொற்களின் வரிசையை, அதாவது மீட்புச் சொற்றொடரை, தாளில் எழுதி பீரோவில் வையுங்கள். கடவுச்சொல்லை மறந்து மாற்றினால் அந்தச் சொற்றொடர் போன்ற ஒரு மீட்பு வழி இல்லாமல் பழைய கடிதங்கள் திறக்காது, நிறுவனத்தைக் கெஞ்சியும் பயன் இல்லை. இலவசக் கணக்கில் ஒரு ஜிபிதான். கஜா படங்களே அதைத் தாண்டிவிட்டதால் நான் சந்தா கட்டுகிறேன். வங்கி, மின்வாரியம், சமையல் எரிவாயு என்று ஒவ்வோர் இடத்திலும் முகவரியை மாற்றியதுதான் உண்மையில் அலுப்பான வேலை.

சரி, கேள்விகளுக்கு வருகிறேன்.

"வெடிகுண்டு மிரட்டல் அனுப்புகிறவன்தானே அதைப் பயன்படுத்துகிறான்?" 2024 பிப்ரவரியில் சென்னைத் தனியார் பள்ளிகளுக்கு மிரட்டல் வந்தது உண்மை. அதன்பிறகு புரோட்டான் மெயிலையே முடக்கக் கோரிக்கை போனதும் உண்மை. 2025 ஏப்ரலில் கர்நாடக உயர் நீதிமன்றம் வேறொரு வழக்கில் அதை முடக்க நடவடிக்கை எடுக்கச் சொன்னதும் உண்மை. பிள்ளைகள் பதறி வாசலில் நின்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது எனக்கும் வயிறு கலங்கியது. அதை அனுப்பியவனைப் பிடித்து உள்ளே போடுங்கள். ஆனால் அவனையும் என்னையும் ஒரே வரிசையில் நிறுத்துவது என்ன நியாயம்? குளத்துப் படித்துறையில் பெண்கள் குளிக்கும் பக்கம் கீற்றுத் தட்டி வைக்கிறோம். தட்டிக்கு அந்தப் பக்கம் குற்றம் நடக்கிறது என்றா வைக்கிறோம்?

"நம் தமிழ்நாட்டு நிறுவனம் சோஹோவின் மின்னஞ்சல் இருக்கிறதே?" இருக்கிறது, மதிக்கிறேன். அதில் விளம்பரம் இல்லை. 2025 அக்டோபரில் மத்திய உள்துறை அமைச்சர் அமித் ஷாவே அதற்கு மாறினார். ஆனால் அங்கும் சாதாரணக் கணக்கில் சாவி நிறுவனத்திடம்தான். என் கேள்வி ஊர்ப் பற்று அல்ல, சாவி.

"2021இல் புரோட்டானே பிரான்சு நாட்டுச் செயற்பாட்டாளர் ஒருவரின் ஐபி முகவரியைக் கொடுத்ததே?" கொடுத்தது. சுவிஸ் சட்டப்படி உத்தரவு வந்தால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். எங்கிருந்து நுழைந்தார் என்பதைக் கொடுத்தார்கள், கடிதத்தின் உள்ளே இருப்பதைக் கொடுக்கவில்லை, கொடுக்கவும் முடியாது. எனக்கு அது போதும்.

"நீ எழுதுவது எல்லாம் ஜிமெயிலுக்குத்தானே போகிறது, அங்கே ஒரு பிரதி இருக்குமே?" இருக்கும். அதற்காக என் வீட்டுப் பிரதியைத் திறந்து வைக்க வேண்டுமா?

"அப்படி என்னதான் மறைக்கிறாய்?" இதைக் கேட்டவர்களுக்கு நீதிபதி புட்டசாமியை நினைவுபடுத்துகிறேன். கர்நாடக உயர் நீதிமன்றத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 2012இல் ஆதாரை எதிர்த்து வழக்குப் போட்டபோது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். அந்த 86 வயதுப் பெரியவர் எதை மறைக்கப் போனார்? அவரைப் பார்த்து யாராவது மைக்கில் சிரித்திருப்பீர்களா? நான் மனு எழுதிக்கொடுக்கிற பக்கத்து வீட்டுப் பெண் என்பதால் சிரித்தீர்கள். அதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். போன மாதம் கடைத்தெருவில் ஒரு பிரவுசிங் சென்டரில் மனு ஒன்றை அச்செடுக்க உட்கார்ந்தேன். திரை முழுக்க பிடிஎஃப். பெயர் பெயராக ஆதார், பான், சாதிச் சான்றிதழ், நகைக்கடன் ரசீது. எனக்கு முன்னால் உட்கார்ந்த பையன் அவற்றில் ஒன்றைத் திறந்தபடியே விட்டுப் போயிருந்தான். ஒரு பெண்ணின் படம், பிறந்த தேதி, வீட்டு முகவரி. அவள் நூறு நாள் வேலைக்கோ வங்கிக்கோ கொடுக்க வந்திருப்பாள். இதை அழிக்கக் கூடாதா என்று கேட்டதற்கு, "அக்கா, யாரும் இதுவரை கேட்டதில்லை" என்றார் கடைக்காரர். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஏழைக்கு அந்தரங்கம் எதற்கு என்று நமக்குள்ளேயே ஓர் எண்ணம் ஊறிக் கிடக்கிறது, அதன்மேல்தான் கோபம். பணக்காரன் மதிலை உயர்த்திக் கட்டினால் அந்தஸ்து. அப்பாயி பாஸ்புக்கை மறைத்தால் வேடிக்கை.

"அவ்வளவு அக்கறை என்றால் எல்லாவற்றையும் அழித்துவிட வேண்டியதுதானே?" என்று மண்டப வாசலில் ஒருவர் கேட்டார். அழிக்க முடியாது. நிவாரணம் வராமல் மேல்முறையீடு போட்டவர்கள் இருக்கிறார்கள். பயிர்க் காப்பீட்டில் பெயர் விடுபட்டு இன்னும் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்கு எதை அனுப்பினோம் என்பதற்கு அந்தக் கடிதம் ஒன்றே சான்று. அலுவலகத்தில் "உங்கள் மனுவே வரவில்லை" என்று சொல்லும்போது காட்ட வேறு என்ன இருக்கிறது?

விவகாரம் முடிந்தவர்கள் வீட்டுக்கு வாருங்கள். உங்கள் எதிரிலேயே உங்களுடையதைத் தேடி எடுத்து அழிக்கிறேன். முடியாதவர்களுடையது நான் வைத்த இடத்திலேயே இருக்கும். யாருடைய தாள் என்னிடம் இருக்கிறது, யாருடையது இல்லை என்று இந்தப் பதிவின் கீழே தயவுசெய்து யாரும் கேட்க வேண்டாம், பதில் சொல்ல மாட்டேன்.