மாறுவேடம் என்றே வைத்துக்கொள்வோம்

முந்தாநாள் நான் போட்ட, 1950-களின் ராக் அண்ட் ரோல் பாணியில் பாடும் அமெரிக்கப் பாடகர் ஜே.டி. மெக்ஃபெர்சனின் வீடியோவின் கீழே நடந்த கூத்தை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். "70 வருஷப் பழைய பாட்டுக்கு எதுக்கு தம்பி இந்த மாறுவேடம்" என்று அண்ணன் கேட்டார், அதற்கு 43 பேர் சிரிப்புக்குறி போட்டிருந்தார்கள். ஆமாம், உட்கார்ந்து எண்ணினேன்.

அண்ணே, அது பழைய பாட்டே இல்லை. 2010-இல் வந்த ஆல்பத்தில் இருப்பது, மெக்ஃபெர்சனே எழுதியது. ஓக்லஹோமாக்காரர், பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுத்தவர். 1955-இல் வந்த பாட்டு என்று நீங்கள் நம்பிவிட்டீர்கள் என்றால் அது அந்த மனுஷனுக்குக் கிடைத்த சான்றிதழ். அதையே குற்றமாக்கிவிட்டீர்கள்.

பழைய பாட்டைப் பாடுவது வேறு, பழைய பாணியில் புதுப் பாட்டுக் கட்டுவது வேறு. இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஹன்ட்டர் ரயில்வேயில் வேலை பார்த்தவர், தெருவில் நின்று பாடியவர். 2006-இல் அவர் போட்ட, ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற பழைய கருப்பின அமெரிக்க இசைப் பாணியிலான ஆல்பம் கிராமி பரிந்துரை வரை போனது, அவ்வளவும் அவர் எழுதியவை. வெண்பாவில் இன்றைக்கு ஒருவர் எழுதினால் மாறுவேடம் என்பீர்களா? மாட்டீர்கள், "மரபு" என்று சால்வை போர்த்துவீர்கள்.

லண்டனில் இருந்த காலத்தில் ஒரு பப்பில் ராக்கபிலி கேட்கப் போவேன், அதாவது நாட்டுப்புறப் பாட்டும் ப்ளூஸும் கலந்த அந்த ஆரம்பகால ராக் அண்ட் ரோல். ஒருநாள் இடைவேளையில் டபுள் பேஸ்காரர், ஆள் உயரத்துக்கு நிற்கும் பெரிய வயலின் மாதிரியான வாத்தியம் அது, "வா, வாசித்துப் பார்" என்றார். கம்பியை இழுத்து விடவேண்டும், அது கட்டையில் போய் அறையும், நடுநடுவே உள்ளங்கையாலும் அடிக்கவேண்டும். ஐந்து நிமிடத்தில் இரண்டு விரலில் கொப்புளம், மறுநாள் சோறு பிசைய முடியவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: மெம்பிஸ் சன் ஸ்டுடியோவில் 1954-இல் எல்விஸ் பிரெஸ்லி பாடியபோது டிரம்ஸ் கிடையாது, ஸ்காட்டி மூர் கிட்டார், பில் பிளாக் பேஸ், அவ்வளவுதான், டிரம்ஸின் வேலையையும் சேர்த்துத்தான் அந்தக் கம்பி பார்த்தது. நீங்கள் ஸ்டைல் என்று நினைப்பதற்குப் பின்னால் இப்படி ஒரு காரணம் இருக்கிறது. தலைமுடிக்கு எண்ணெய் தடவிச் சீவியிருப்பது மட்டும்தான் உங்கள் கண்ணில் பட்டது.

இன்னொருவர் இன்பாக்ஸில் வந்து, கருப்பின மக்களிடமிருந்து திருடிய இசைக்கு வக்காலத்தா என்றார். இதில் நான் உங்கள் கட்சிதான் ஐயா. எல்விஸின் அந்த முதல் பாட்டு, கருப்பின ப்ளூஸ் பாடகர் ஆர்தர் க்ரூடப் 1946-இலேயே பதிவு செய்தது. சேரவேண்டிய உரிமைத்தொகை முழுசாகக் கைக்கு வராமலேயே 1974-இல் செத்துப்போனார். அநியாயம், மறுக்கவில்லை. ஆனால் க்ரூடப் என்ற பெயரையே நான் முதலில் கேட்டது அதே பப்பில், பாடுவதற்கு முன்னால் இந்தக் கதையைச் சொன்ன ஒரு குழுவிடம். உங்களுக்கு யார் சொன்னார்கள்? அங்கே சிலர் அடிமைமுறைக்காகப் போரிட்ட அமெரிக்கத் தென்மாநிலங்களின் கொடியைச் சட்டையில் குத்திக்கொண்டு வருவார்கள், அதுவும் உண்மை. எனக்கும் பிடிக்காது. அதைப் பற்றி அப்புறம் எழுதுகிறேன்.

அண்ணே, "நம்ம பாட்டு எதையாவது கேட்டிருக்கியா" என்று நீங்கள் கேட்ட கேள்விதான் ராத்திரி தூங்கவிடவில்லை. என் வீட்டில் என்ன ஓடுகிறது என்று உங்களுக்கு எப்படித் தெரியும்? 15 வருஷப் பழக்கம் அண்ணே. நீங்கள் பகிரும் பழைய சினிமாப் பாட்டுக்கெல்லாம் இதயக்குறி போடுகிறேனே, ஒருநாளாவது "பழசு" என்று சொல்லியிருக்கிறேனா? 1950-களிலேயே ராக்கபிலி பாடிய வாண்டா ஜாக்சன் 2019-இல் மேடையை விட்டார், 83 வயதில் 2021-இல் மறுபடி ஓர் ஆல்பம் கொண்டுவந்தார். அந்தம்மாவிடமும் போய் மாறுவேடம் என்று சொல்வீர்களா? சொல்வீர்கள், உங்களுக்கென்ன.

அதே வீடியோவை மறுபடி கீழே போட்டிருக்கிறேன். பேஸ் வாசிப்பவர் ஜிம்மி சட்டன், மெக்ஃபெர்சனின் அந்த ஆல்பத்தைத் தயாரித்தவரும் அவரே. பாட்டு பிடிக்காவிட்டால் போகிறது, அவர் வலது கையை மட்டுமாவது பாருங்கள். சிரிப்புக்குறி போடுகிறவர்கள் முழுசாகக் கேட்டுவிட்டுப் போடுங்கள், இந்தத் தடவை எண்ண மாட்டேன்.