பலே கார்னியேவுக்கு அடியில் ஏரி இல்லை

பலே கார்னியே எனப்படும் பாரிஸ் ஓபரா அரங்கம் என்றதும் சரவிளக்கு, பளிங்குப் படிக்கட்டு, 1964இல் ஷகால் தீட்டிய விதான ஓவியம், இவைதான் படங்களில் வருகின்றன. கூடவே, அடியில் ஒரு ஏரி இருக்கிறது, அதில் ஆவி உலவுகிறது என்ற கதையும் வந்துவிடுகிறது. அங்கே இருப்பது கட்டிய தண்ணீர்த் தொட்டி. என்னைக் கேட்டால், அந்தக் கட்டடத்தின் ஆகப்பெரிய சாதனையே அதுதான்.

1858 ஜனவரி 14 அன்று, லெ பெலத்தியே தெருவில் இருந்த பழைய ஓபராவின் வாசலில் பிரான்ஸின் பேரரசர் மூன்றாம் நெப்போலியன் மீது குண்டு வீசினார்கள். அவர் தப்பினார். அதன்பிறகே புது அரங்கம் என்ற பேச்சு வேகம் பிடித்தது. அதற்கான வடிவமைப்புப் போட்டியில் வென்ற கட்டடக் கலைஞர் ஷார்ல் கார்னியேவுக்கு அப்போது வயது 35. பெரிய பெயர் எதுவும் இல்லாதவர்.

சிக்கல் மேடையால் வந்தது. காட்சித் திரைகளைச் சுருட்டாமல், மடிக்காமல் அப்படியே மேலே தூக்கவும் கீழே இறக்கவும் வேண்டும். அதற்கு மேடைக்கு மேல் உயரம் வேண்டும், அடியிலும் நல்ல ஆழம் வேண்டும். தோண்டினால் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது. பாதாள ஆறு என்று இன்றும் சொல்கிறார்கள். அது நிலத்தடி நீர்தான். 1862இல் 8 நீராவி பம்புகள் இரவுபகலாக மாதக்கணக்கில் இறைத்தன.

இறைத்தால் போதுமா? பம்பை நிறுத்தியதும் நீர் பழைய மட்டத்துக்கு ஏறும். சுவரைப் பக்கவாட்டில் நெருக்கும், தரையை அடியிலிருந்து தள்ளும். நீர்மட்டம் உயர்ந்த இடத்தில் காலி சம்ப் மேலெழும்பியதைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். கார்னியே இரட்டைச் சுவர் எழுப்பி, இடையில் தார் பூசினார். தொட்டியின் தரையைத் தட்டையாகப் போடாமல், தலைகீழ் வளைவுகளாக, கிண்ணத்தின் உட்புறம்போல் கட்டினார். அடியிலிருந்து வரும் அழுத்தம் அந்த வளைவு வழியே சுவர்களுக்குப் போய்விடும். பிறகு தொட்டியை நிரப்பினார். வெளிநீர் தள்ளுவதை உள்நீரின் எடை தாங்கிக்கொண்டது. எதிரியாக வந்த தண்ணீரையே காவலுக்கு வைத்தது என்ன ஒரு யோசனை! தீப்பிடித்தாலும் கைக்கெட்டும் தூரத்தில் தண்ணீர்.

தீயின் பயம் வீண்பயமில்லை. 1873 அக்டோபரில் பழைய ஓபரா எரிந்தே போனது. பிரஷ்யாவுடன் நடந்த 1870 போருக்குப் பின் இழுத்துக்கொண்டிருந்த வேலைக்கு அதற்குப் பிறகுதான் அவசரமும் பணமும் வந்தன. 1875 ஜனவரி 5 அன்று திறப்பு. பேரரசரின் வண்டி நேரே உள்ளே ஏறிவரச் சாய்தளம் வைத்துத் தனி வாசல் கட்டியிருந்தார்கள். அவர் பதவி இழந்து, 1873இலேயே இங்கிலாந்தில் இறந்திருந்தார். அந்தப் பகுதி இன்று நூலகமும் அருங்காட்சியகமும்.

தொட்டியில் இன்றும் தண்ணீர் இருக்கிறது. பாரிஸ் தீயணைப்புப் படையின் முக்குளிப்பவர்கள் அந்த இருட்டில் இறங்கிப் பயிற்சி எடுக்கிறார்கள்.