தோசை பத்து ரூபா ஏறுனதுக்கு சப்ளையர் என்னங்க பண்ணுவாரு?

அந்த பில் போட்டோ ரெண்டு நாளா சேலம் குரூப் எல்லாத்துலயும் சுத்திட்டு இருக்கு, நீங்களும் பாத்திருப்பீங்க. "சப்ளையருக்கு சம்பளம் ஏத்திட்டாங்களாம், தோசை பத்து ரூபா கூடிருச்சு, இனிமே டிப்ஸ் கிடையாது". அதுக்குக் கீழ "சரியா சொன்னீங்க தலைவா"ன்னு வரிசையா கமெண்ட். பேசாம போயிடலாம்னுதான் பாத்தேன், முடியல.

விலையை ஏத்துனது சப்ளையர் இல்லீங்க.

ஒரு கணக்கு போட்டு பாருங்க. ஒருத்தருக்கு மாசம் 600 ரூபா கூடுதுன்னு வெச்சுக்கங்க, நாளைக்கு 20 ரூபா. பத்து பேர் வேலை பாக்கற கடைன்னா 200. அந்த கடைல ஒரு நாளைக்கு 400 பில் போனா, பில்லுக்கு அம்பது காசு. மீதி ஒம்பதரை ரூபா எங்க இருந்து வந்துச்சு? 19 கிலோ சிலிண்டர், எண்ணெய், வாடகை, இதெல்லாம் ஏறும்போது யாரும் போர்டு வெக்கறதில்ல. கூலி ஏறுனா மட்டும் போர்டு. அந்த கூலி ஏறுறதே விலைவாசி ஏறுனதாலதான், குறைஞ்சபட்ச கூலியில பஞ்சப்படி வருஷா வருஷம் ஏப்ரல்ல மாறுறது விலைவாசி புள்ளியை வெச்சுதான்.

எங்கப்பா பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு ஓட்டல்ல பத்தொம்பது வருஷம் சப்ளையரா இருந்தவரு. ராத்திரி பதினோரு மணிக்கு வந்து சட்டைப் பாக்கெட்டை பாய்ல கவுத்துவாரு, சோம்பு வாசத்தோட சில்லறை கொட்டும். எண்ணி அடுக்கறது என் வேலை. என் நோட்டுப் புத்தகம் பூராவும் அதுலதான் வாங்குனது. சம்பளம் வாடகைக்கும் அரிசிக்கும் சரியா போயிரும். கால் ரெண்டும் நரம்பு சுருண்டு கெடக்கும், அம்மா வெந்நீர் ஊத்துவாங்க. கடைகள்ல வேலை பாக்கறவங்க உக்கார சீட்டு குடுக்கணும்னு 2021லதான் தமிழ்நாட்டுல சட்டமே வந்துச்சு, அப்பாவுக்கு அது கெடைக்கவே இல்ல.

"நாங்கதான் ஜிஎஸ்டி 5 பர்சன்ட் கட்டறமே"ம்பீங்க. அது அரசாங்கத்துக்குப் போறதுங்க, சப்ளையருக்கு இல்ல. சர்வீஸ் சார்ஜ் வேற, அதை பில்லுல தானா சேக்கக் கூடாதுன்னு 2022லயே சொல்லிட்டாங்க, டெல்லி ஹைகோர்ட்டும் 2025ல அது சரின்னுருச்சு. வேண்டாம்னு சொல்லிட்டு வாங்க, யாரு கேக்கப் போறா.

அமெரிக்கால இருக்கற மச்சான் ஒருத்தர் "அங்க கூலி ஏறுனா டிப்ஸ் குறையுது"ன்னு எழுதிருக்காரு. அங்க டிப்ஸ் வாங்கற ஆளுக்கு மத்திய சட்டப்படி முதலாளி குடுக்க வேண்டிய கூலி மணிக்கு 2.13 டாலர், 1991ல இருந்து அதேதான். டிப்ஸையும் சேத்துதான் அங்க சம்பளமே. இங்க அப்படி ஒரு கூலி கிடையாது, அதைக் கொண்டாந்து இங்க ஒட்டாதீங்க.

சின்ன கடைக்காரங்களுக்குக் கஷ்டம் இருக்கு, ஒத்துக்கறேன். ஆனா அதுக்கு அவங்க கஷ்டப்பட்டு விலை ஏத்தறாங்க, நீங்க எதுக்கு தட்டு எடுக்கறவரு கைல இருக்கறதைப் புடுங்கறீங்க? ஏற்கனவே ஜிபே வந்ததுல இருந்து பில்லு 187ன்னா 187தான் போகுது, மீதி சில்லறைன்னு ஒண்ணு தட்டுல விழறதே இல்ல. குடுக்க மனசில்லன்னா குடுக்காதீங்க, அது உங்க காசு. ஆனா அவரு சம்பளத்தைக் காரணம் சொல்லாதீங்க.

இன்னொண்ணு. அந்த போட்டோல பில்லுக்குப் பின்னாடி தண்ணி ஜக்கோட ஒருத்தரு நிக்கறாரு, முகம் தெளிவா தெரியுது. அவரு வீட்லயும் பசங்க போன் பாப்பாங்க. பதிவை வெச்சுக்கங்க, அந்த போட்டோவை மட்டும் எடுத்துருங்க.