இண்டெல் வந்தது சுங்கவரி இல்லாத துறைமுகத்துக்காக அல்ல

மேலே ஒரு அண்ணன், "1786 முதல் இன்றுவரை பினாங்கு சுங்கவரி இல்லாத துறைமுகம், அதனால்தான் சிப் தொழிற்சாலைகள் வந்தன" என்று எழுதியிருக்கிறார். முதல் பாதி வெள்ளைக்காரன் காலத்துக்குச் சரி. அப்புறம் கதை தலைகீழ்.

பினாங்குத் தீவின் தலைநகர் ஜார்ஜ்டவுனின் அந்தச் சலுகை 1969-இல் பறிபோனது. வியாபாரம் படுத்தது, வேலையில்லாத் திண்டாட்டம் தலைவிரித்தாடியது. அந்த நெருக்கடியில்தான் முதலமைச்சர் லிம் சோங் இயூ தொழிற்சாலைகளைத் தேடிப் போனார். 1972-இல் அதே தீவின் பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக வட்டாரம் திறந்தது. மலேசியாவிலேயே முதலாவது அதுதான். கணினிச் சிப் செய்யும் அமெரிக்க நிறுவனமான இண்டெல் தன் முதல் வெளிநாட்டு ஆலையை அதே ஆண்டு அங்கே தொடங்கியது. வரிச்சலுகை அந்த வட்டாரத்துக்குள் ஏற்றுமதிக்காகச் செய்யும் பொருளுக்குத்தான், தீவு முழுமைக்கும் இல்லை. இரண்டையும் குழப்பிக்கொள்கிறோம்.

இன்னொன்று: சிப் எடை குறைவு, விலை அதிகம். பெரும்பாலும் விமானத்தில்தான் போகும். பாயான் லெப்பாஸைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்கத்திலேயே விமான நிலையம் இருந்ததும் ஒரு காரணம். பழைய துறைமுகப் பக்கம் போய்ப் பாருங்கள், ஸ்வெட்டன்ஹாம் பியரில் நிற்பவை சுற்றுலாக் கப்பல்கள். கொள்கலன்கள் எல்லாம் கடலுக்கு அந்தப் பக்கம், பட்டர்வொர்த்தில் இறங்குகின்றன.

மலேசியாவின் இன்னொரு தீவான லங்காவியோடு அந்த அண்ணன் குழப்பிக்கொண்டாரோ என்னவோ. வரியில்லாத தீவு என்று 1987-இல் அறிவிக்கப்பட்டது அதுதான்.