மேப்புக்குள் ஒரு லிஸ்ட்டை வைத்தது குற்றமா?

பாடத்தின் பெயரைக் கொடுத்தால் அதில் மாணவர் வாங்கிய மதிப்பெண்கள் வரிசையாக வர வேண்டும் என்பதற்கு மேல் எனக்கு எந்தப் பேராசையும் இருக்கவில்லை. ஸ்ட்ரிங்கைக் கீயாகவும் இன்டீஜர்களின் லிஸ்ட்டை வேல்யூவாகவும் கொண்ட ஒரு மேப்பை ஜாவாவில் ஒரே வரியில் எழுதினேன். கம்பைலர் முனகவில்லை, டெஸ்ட்டுகள் எல்லாம் தேறின. அந்த மேப் இருக்கும் கிளாஸை, எக்ஸ்எம்எல்லில் பேசும் ஒரு சோப் சர்வீஸின் மறுமொழியாக வெளியே அனுப்பப் போனதுதான் தாமதம், சர்வீஸ் எழுந்திருக்கவே மறுத்துவிட்டது. நீண்ட ஸ்டாக் டிரேஸைக் கிளறியபோது அடியில் கிடந்த விளக்கம் இதுதான்: லிஸ்ட் என்பது ஓர் இன்டர்ஃபேஸ் (நேரடியாக ஆப்ஜெக்ட் உருவாக்க முடியாத வெறும் ஒப்பந்தம்), இன்டர்ஃபேஸ்களை ஜாக்ஸ்பியால் (ஜாவா ஆப்ஜெக்ட்டுகளை எக்ஸ்எம்எல்லாக மாற்றும் கருவி) கையாள முடியாது.

யாரிடம் சொல்கிறது இந்தக் கதையை? அதே லிஸ்ட் நேரடியாக ஒரு ஃபீல்டாக நின்றால், இதே ஜாக்ஸ்பி மறுபேச்சில்லாமல் எக்ஸ்எம்எல்லாக மாற்றித் தருகிறது. வாசலில் கும்பிட்டு வரவேற்ற ஆளையே கூடத்தில் பார்த்ததும் "யார் நீ" என்று கேட்பதுபோல, மேப்புக்குள்ளோ இன்னொரு லிஸ்ட்டுக்குள்ளோ அது போனவுடன் அடையாளம் தெரியாமல் போய்விடுகிறது. லிஸ்ட்டுக்குள் இருப்பது என்ன டைப் என்று சொல்லும் ஜெனரிக்ஸ் விவரம் கம்பைல் ஆகும்போது அழிந்துவிடுமே என்று சமாதானம் சொல்ல வருபவர்கள் சற்றுப் பொறுக்க வேண்டும்: ஃபீல்டின் அறிவிப்பில் எழுதிய டைப் விவரம் கிளாஸ் ஃபைலில் அப்படியே இருக்கிறது, அதை ரிஃப்ளெக்‌ஷன் என்ற, ஓடும்போதே கிளாஸை ஆராயும் வசதி வழியாகப் படித்ததனால்தானே உள்ளே லிஸ்ட் இருப்பதைக் கண்டுபிடித்து என்னைத் திட்டுகிறது?

இன்டர்ஃபேஸ்தானே தகராறு என்று லிஸ்ட்டை, அதை நடைமுறைப்படுத்தும் கிளாஸான அரேலிஸ்ட்டாக மாற்றினேன். பிழை மறைந்தது, சர்வீஸ் எழுந்தது, பதிலும் வந்தது. ஒவ்வொரு என்ட்ரியிலும் பாடத்தின் பெயர் ஒழுங்காக இருக்க, வேல்யூ மட்டும் துடைத்துவிட்டதுபோல் காலியாக இருந்தது. அரேலிஸ்ட்டை ஒரு தொகுப்பாகப் பார்க்காமல் ஃபீல்டுகளைச் சுமக்கும் சாதாரண ஆப்ஜெக்ட்டாக, அதாவது பீனாகப் பார்த்து, கெட்டரும் செட்டரும் (மதிப்பைப் படிக்கவும் எழுதவும் உதவும் மெத்தடுகள்) ஜோடியாக இருக்கும் ஃபீல்டுகளை அதற்குள் தேடி, ஒன்றும் கிடைக்காததால் ஒன்றும் எழுதாமல் விட்டிருக்கிறது. கத்திவிட்டுச் சாகும் பிழையை நான் மன்னித்துவிடுவேன். மதிப்பெண்களை விழுங்கிவிட்டு வாயைத் துடைத்துக்கொள்ளும் இதை மன்னிக்க மாட்டேன்.

ஜாக்ஸ்பிக்குக் குறிப்பு கொடுக்கும் எலிமென்ட் ராப்பர் அனோடேஷனும் கைகொடுக்கவில்லை. அது வெளிப்புறத் தொகுப்பைச் சுற்றி ஒரு டேக் போடுவதோடு சரி. கடைசியில், லிஸ்ட்டைச் சுமப்பதற்கென்றே ஒரு கிளாஸ், என்ட்ரிக்கு ஒரு கிளாஸ், என்ட்ரிகளைச் சுமக்க இன்னொரு கிளாஸ், இவற்றுக்கும் மேப்புக்கும் இடையே போகவும் வரவும் மாற்றித் தர ஓர் அடாப்டர் என்று எழுதி முடித்தேன். ஒரு வரிக்கு நான்கு ஃபைல்கள்.

ஜெனரிக்ஸ் இல்லாத பழைய கோடில், சிஎக்ஸ்எஃப் என்ற வெப் சர்வீஸ் ஃபிரேம்வொர்க்கில் ஜாக்ஸ்பிக்கு மாற்றாக இருந்த ஈஜிஸ் பைண்டிங்கோடும் மல்லுக்கட்டியிருக்கிறேன்; கிளாஸுக்குப் பக்கத்திலேயே ஒரு மேப்பிங் ஃபைல் வைத்து, உள்ளே இருக்கும் லிஸ்ட்டுக்குத் தனிப் பெயர் சூட்டி, அதை # குறியோடு சுட்ட வேண்டும். எரிச்சல்தான், ஆனாலும் லிஸ்ட்டுக்குள் லிஸ்ட் என்று ஒன்று உலகத்தில் உண்டு என்பதையாவது அது ஒப்புக்கொண்டது.

2018-இல் ஜாவா 11 வந்தபோது ஜாக்ஸ்பியை ஜாவாவின் டெவலப்மென்ட் கிட்டான ஜேடிகேயிலிருந்தே எடுத்துவிட்டார்கள். பிறகு பேக்கேஜின் பெயரும் ஜகார்த்தா என்று மாறியது. அடாப்டர்களின் இம்போர்ட் வரிகளை மாற்றினேன், அடாப்டர்கள் மட்டும் அப்படியே இருக்கின்றன.

இப்போது அந்த மதிப்பெண்களைப் பருவவாரியாகப் பிரித்துத் தர வேண்டுமாம். மேப்புக்குள் மேப், அதற்குள் லிஸ்ட்.